கடம்பூர் தாண்டியாச்சு

மைசூர் வண்டி கடந்து போகும் அந்த அரை நிமிடத்துக்கு வீட்டில் வேறெந்தச் சத்தமும் காதில் விழாது. அதனால் கணவர் விழுந்த சத்தம் மேரிராணிக்குக் கேட்கவில்லை. அடுப்படியில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தவள், வண்டி போய் ஜன்னல் கம்பிகளின் அதிர்வு அடங்கிய பிறகு, முன்னறையில் ஒரு ஸ்டீல் டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருப்பதைத்தான் முதலில் கேட்டாள். டம்ளர் தானாக உருளாது. கையில் கரண்டியோடு ஓடி வந்து பார்த்தால், மிக்கேல்ராஜ் நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். இடது புருவத்துக்கு மேலே ரத்தம். கண்கள் திறந்திருந்தன. யாரோ தன்னைக் கூப்பிட்டது போலவும், கூப்பிட்டவர் யாரென்று தெரியாதது போலவும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லட்டி. கால் வழுக்கிட்டு" என்றார்.

தரையில் வழுக்குவதற்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. டம்ளரும் காலி டம்ளர்தான். இரண்டு மாதத்தில் அவர் விழுவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது செருப்பின் மேல் பழியைப் போட்டார்; புதுச் செருப்பு வாங்கினார்கள். இரண்டாம் தடவை நாற்காலி ஆடுகிறது என்றார்; கை வைத்த நாற்காலி ஒன்று வந்தது. இனி மாற்றுவதற்கு வீட்டில் மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான். மேரிராணி காப்பித்தூளைக் காயத்தில் அப்பப் போய், அது கூடாதென்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, சுத்தமான வேட்டித் துணியை நனைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நாத்தனார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலில் கிடந்து, ஆறே மாதத்தில் கல்லறைக்குப் போனவள். அந்தக் கட்டில் இன்னும் மேரிராணியின் கண்ணை விட்டுப் போகவில்லை.

மிக்கேல்ராஜுக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் கேட் கீப்பர். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில், கரிசல் காட்டை அறுத்துக்கொண்டு போகும் தண்டவாளத்தில், ஒரே கேட்டில்தான் பாதிச் சர்வீஸ். மற்றவர்கள் மனை வாங்கும்போது தண்ணீர் இருக்கிறதா, பஸ் வருமா என்று பார்ப்பார்கள். இவர் ஓய்வுபெற்றதும் அந்தக் கேட்டுக்கு இரண்டு பர்லாங் தள்ளி, ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரிகிற இடமாகப் பார்த்து வாங்கினார். பஸ்சுக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடையில் கரிசல் மண் வெடிக்கும்போது சுவரும் கூடவே வெடிக்கும். மேரிராணி பதினான்கு வருடமாக அந்த வெடிப்புகளைச் சிமெண்டு வைத்துப் பூசி வருகிறாள். பழைய கேட் இப்போது இல்லை. சுரங்கப்பாதை வந்துவிட்டது, மழை பெய்தால் அதில் கழுத்தளவு தண்ணீர் நிற்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை வருத்தப்பட்டு அவள் கேட்டதில்லை. வண்டிகள்தான் வருகின்றனவே, அது போதும் அவருக்கு.

அன்று மத்தியானமே திருப்பூரிலிருந்து மகன் ஆண்ட்ரூஸ் போன் செய்தான். காயத்தை மறைக்கத்தான் நினைத்தாள். ஆனால் அவன் வீடியோவில் கூப்பிடுகிறவன்.

"போதும்மா. அடுத்த ஞாயித்துக்கெழம நான் வாரேன். ரெண்டு பேரும் பெட்டியக் கட்டி வைங்க. இங்கன லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. அங்கன ராத்திரி பகல்னு நீ ஒருத்தி என்ன செய்வ?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை. அவனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர்கள் ஒரு தடவை போயிருக்கிறார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டின் ஜன்னல். மிக்கேல்ராஜ் பதினோரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டைக் குறைத்தார். இப்போது மகனிடம் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். மேரிராணிக்கு அழுகை வந்தது. இங்கே இருந்தால் இந்தத் தரை இவரைக் கொன்றுவிடும். அங்கே போனால் அந்தச் சுவர் கொன்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

மறுநாள் மாரிசெல்வி வந்தாள். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற தன்னார்வலர். எட்டு ஊர் அவள் பொறுப்பு. கரிசல் புழுதி படிந்த ஸ்கூட்டியும், முன்பக்கம் மாட்டிய பையும், வெயிலுக்குத் தலையில் போட்ட துண்டுமாக மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்று அவளே சொல்வாள். அன்று மிக்கேல்ராஜின் நெற்றிப் பிளாஸ்திரியைப் பார்த்தவள் மெஷினை எடுக்காமல் முதலில் உட்கார்ந்தாள்.

மேரிராணி பங்குக்கோவில் காலண்டரை எடுத்துக் காட்டினாள். விழுந்த தேதிகளில் பேனாவால் சின்னதாகச் சிலுவை போட்டு வைத்திருந்தாள்.

"எத்தன மணிக்கு விழுந்தாவ, அக்கா?"

"முத தடவ வந்தே பாரத் நேரம். ரெண்டாவது குருவாயூரு. நேத்து மைசூரு."

மாரிசெல்வி சிரித்துவிட்டாள். "மணியக் கேட்டா வண்டி பேரச் சொல்லுதீங்களே."

"இந்த வீட்டுல மணி அதாம்மா. முத்துநகருக்கு வாசல் தெளிப்பேன், மைசூருக்குச் சோத்துக்கு அரிசி போடுவேன். கெடிகாரத்துல பேட்டரி தீந்து வருசம் ரெண்டாவுது."

மாரிசெல்வி நோட்டில் எழுதப் போனாள். வந்தே பாரத் என்று எழுதினாள். குருவாயூர் என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது. தலையைத் தூக்கி, தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"அக்கா, வண்டி வார நேரம்னு சொல்லுதீங்களா, இல்ல வண்டி போய்க்கிட்டு இருக்கையிலயே விழுந்தாவளா?"

"போய்க்கிட்டு இருக்கையிலதான். அதனாலதான எனக்குச் சத்தமே கேக்கல."

"வண்டி ஊதுனா அண்ணாச்சி என்ன செய்வாவ?"

"எந்திரிச்சு நிப்பாவ" என்றாள் மேரிராணி. காலையில் பல் தேய்ப்பார் என்பதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்தெட்டு வருடமாகக் கண்ணெதிரே நடக்கிற காரியம். ஊதல் கேட்டதும் சோற்றுக் கையோடு எழுந்திருக்கிறார், தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறார், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று சாமியார் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்கிறார். பார்த்துப் பார்த்து அது அவள் பார்வையிலிருந்தே போய்விட்டிருந்தது. ஊரில் எல்லோரும் வண்டியை வைத்து மணி சொன்னதால், அவர் வண்டிக்குத்தான் விழுகிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாரிசெல்வி அவரைக் கட்டிலில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்தாள். மேல் அளவு நூற்றைம்பது. எழுந்து நிற்கச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிடத்தில் அளந்தாள். நூற்றுப் பன்னிரண்டு. மூன்று நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவளே அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் உக்கார வச்சே பாத்துட்டுப் போயிட்டேன், அக்கா. உக்காந்திருக்கையில எல்லாம் சரியாத்தான் இருக்கு. எந்திரிச்சதும் ரத்தம் காலுக்கு எறங்குது. வாலிபத்துல ஒடம்பு அத ஒடனே மேல ஏத்தி விட்டுரும். இப்ப அதுக்குச் செத்த நேரம் வேணும். அந்த நேரத்த இவிய குடுக்க மாட்டேங்கிறாவ. என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்க அண்ணாச்சி?"

மிக்கேல்ராஜ் சுவரைப் பார்த்தார். பிறகு அலமாரியில் பைபிளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்தார். சிறுநீர் அடைப்புக்குத் தனியாக ஒரு டாக்டரிடம் வாங்கியது. வெட்கத்தில் மாரிசெல்வியிடமும் சொல்லவில்லை, பிரஷர் டாக்டரிடமும் சொல்லவில்லை. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறதென்று தண்ணீர் குடிப்பதையும் அவராகவே குறைத்திருந்தார். பங்குனி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். மாரிசெல்வி திட்டவில்லை. "இதுவும் ரத்தத்த எறக்குற மாத்திரைதான் அண்ணாச்சி. நீங்களா எதையும் நிறுத்திராதீங்க. ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துட்டு நாளைக்கே கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுத்தாள். அவள் ஸ்கூட்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவதை மேரிராணி கண்ணுக்கு மறையும் வரை பார்த்து நின்றாள். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புத்தி என்று நினைத்தாள். அடுத்த தடவை வரும்போது ஒரு தூக்கு களி கொடுத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். இன்னொன்றைப் படுக்கப் போகும்போது போடச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். எழுந்திருக்கும் முன்னால் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், எதையாவது பிடித்துக்கொண்டு மெல்ல எழ வேண்டும், எழுந்ததும் நடக்காமல் கொஞ்சம் நிற்க வேண்டும். மிக்கேல்ராஜ் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார். விதி என்று ஒன்றைச் சொன்னால் அதை மீறுகிற ஆள் இல்லை அவர். இரண்டு நாள் சொன்னபடி செய்தார், வண்டி வராத நேரமெல்லாம்.

மூன்றாம் நாள் நாகர்கோவில் வண்டி ஊதியதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மேரிராணி பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். பித்தான் இரண்டு தெறித்தன. அவர் நாற்காலியிலேயே விழுந்து, முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டார். கீரை அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"யாருக்கு எந்திரிக்குதீங்க?" என்றாள். "வண்டிக்காரனுக்கு நீங்க ஒருத்தர் இருக்குறதே தெரியாது. ரிட்டயர் ஆயி பதினாலு வருசமாவுது. நான் ஒருத்தி இருக்குறது உங்களுக்குத் தெரியுதா?"

அவர் கண்ணைத் திறந்து, பித்தான் போன சட்டையை இழுத்து மூடினார். பிறகு, "ஒக்காந்து பாத்தா சக்கரம் தெரியாது ராணி" என்றார்.

அவளுக்கு அது எந்தச் சக்கரம் என்று தெரியும். கல்யாணமான நான்காம் வருடம், ஒரு கூட்ஸ் வண்டியின் நடுப் பெட்டியில் அச்சு சூடேறிப் புகைவதைக் கண்டு சிவப்புக் கொடியோடு ஓடி வண்டியை நிறுத்தியவர் அவர். பின்னாலேயே ஒரு பாசஞ்சர் வரவேண்டியிருந்தது. மேலதிகாரி கொடுத்த பாராட்டுக் காகிதம் பெட்டியில் எங்கோ கிடக்கிறது. வெளியில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கீழே சக்கரம் இருக்கிறது, அதை ஒரு ஆளாவது பார்க்க வேண்டும். சம்பளம் நின்ற பிறகும் அந்த எண்ணம் நிற்கவில்லை. இப்படி ஒரு மனிதனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று மேரிராணிக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

கீரையைப் பொறுக்கியபடியே கேட்டாள்: "அப்பம்லாம் ஊதுனதும் இப்படித்தான் துள்ளுவீங்களா?"

"எதுக்குத் துள்ளணும்? போன் வரும்லா. ஸ்டேஷன் மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிருவாரு. கேட்ட மூடிட்டு, கொடிய எடுத்துட்டு, ஆற அமர நிப்பேன். வண்டி வரையில நான் ஏற்கெனவே நின்னுக்கிட்டுல்லா இருப்பேன்."

மேரிராணியின் கை கீரையில் அப்படியே நின்றது. அந்த போனை அவள் மறக்கவில்லை. கேட் அறையில் சுவரோடு இருக்கும். ஒருநாள் அவர் வெளியே நின்றபோது மணி அடிக்க, போய் எடுத்துவிட்டாள். அதற்காக அவர் இரண்டு நாள் பேசவில்லை. டியூட்டியில் இல்லாதவர்கள் அதைத் தொடக் கூடாது. அதன் பிறகு அவர் ஓய்வுபெறும் நாள் வரை அவள் தொட்டதில்லை. இவருக்கு உடம்பில் இருக்கிற குறை பாதிதான்; மீதிப் பாதி, அந்த போன் இல்லாமல் போனது. அவளுக்கு அது பளிச்சென்று விளங்கியது.

அன்று சாயந்தரமே மகன் வாங்கிக் கொடுத்த செல்போனை எடுத்துக்கொண்டு கடைத்தெரு வரை நடந்து போய், வண்டி எங்கே வருகிறதென்று காட்டுகிற ஆப்பை ஏற்றி வந்தாள். எந்த வண்டி என்று அழுத்தினால் அது எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று காட்டியது. மறுநாள் காலை, அடுப்படியில் நின்றபடியே குரலை உயர்த்தினாள்.

"கடம்பூர் தாண்டியாச்சு."

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "எந்த வண்டி?"

"வந்தே பாரத்."

"வண்டி பேரச் சொல்லாம தாண்டியாச்சுன்னு சொன்னா அது என்ன தகவலு? முறையாச் சொல்லு."

முறையாகச் சொல்லப் பழகிக்கொண்டாள். முறை என்றால் ரயில்வேயில் இன்னொன்றும் உண்டு. மாஸ்டர் வண்டி வருவதைச் சொன்னதும் கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் வராமல் மாஸ்டர் சிக்னல் கொடுக்க மாட்டார். மேரிராணி அதைப் பிடித்துக்கொண்டாள். பாதத்தை ஆட்டி, தண்ணீரைக் குடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்த பிறகுதான் நம்பர் சொல்லலாம். நம்பர் வந்த பிறகுதான் அவள் "எந்திரிங்க" என்பாள். அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அழகான கையெழுத்தில் இரண்டிலக்க எண்களை வரிசை இல்லாமல் எழுதி ஜன்னல் பக்கத்தில் ஒட்டினார். சொன்ன எண்ணைப் பென்சிலால் அடித்தார். ஒருநாள் தண்ணீர் குடிக்காமலே நம்பர் சொன்னார். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கவில்லையே என்று அவள் சிக்னல் தர மறுத்துவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். தொடக் கூடாத போனாகக் கடைசியில் தானே ஆகிவிட்டதில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. மாரிசெல்வி நடுவில் ஒருநாள் வந்து அளந்தாள். நின்ற அளவு முன்பு போல இறங்கவில்லை.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கூட்ஸ் வண்டி அந்த ஆப்பில் வராது. தூத்துக்குடியிலிருந்து கரி ஏற்றி வருகிற கூட்ஸுக்கு நேரமும் கிடையாது. இந்த நாட்களில் இரண்டு கூட்ஸ் வந்தன. ஒன்று வந்தபோது அவர் குளியலறையில் இருந்தார், இன்னொன்றின்போது அவளே பக்கத்தில் இருந்து தோளை அழுத்திக்கொண்டாள். அதை அவள் மகனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ரூஸ் வந்து சேர்ந்தான். பெட்டி கட்டப்படாமல் இருப்பதைப் பார்த்தான். சாப்பிட்டான். மைசூர் வண்டிக்கு அடுப்படியிலிருந்து அம்மா தகவல் சொல்வதையும், அப்பா பாதத்தை ஆட்டுவதையும், நம்பர் போவதையும், சிக்னல் வருவதையும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். வண்டி வரும்போது அப்பா கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றிருந்தார். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"சரிம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றான் மெல்ல. "நீ இல்லாத நேரம்? நீ கோயிலுக்குப் போனா, கடைக்குப் போனா?"

மேரிராணி தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது கடம்பூர்ப் பக்கம் ஊதியது. நீளமான, கட்டையான ஊதல். எந்த ஆப்பும் சொல்லாத வண்டி.

இரண்டு கையிலும் கொதிக்கிற பானை. பாதிதான் வடிந்திருந்தது, சட்டென்று கீழே வைக்கவும் முடியாது. கதவு வழியாக அவர் தெரிந்தார். இரண்டு கையும் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றின. உடம்பு ஒரு சாண் எழுந்துவிட்டது. ஆண்ட்ரூஸ் பாய்வதற்குக் கட்டிலிலிருந்து எழுந்தான்.

மிக்கேல்ராஜ் உட்கார்ந்தார்.

எஞ்சின் கடந்தது. வீடு அதிர ஆரம்பித்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார். யாரும் பிடிக்காமல் அவராகவே உட்கார்ந்திருக்க ஒரு வண்டி கடப்பதை மேரிராணி அன்றுதான் பார்த்தாள். கரிப் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவருடைய பாதங்கள் மேலும் கீழும் ஆடின. டம்ளரை எடுத்து, அவசரப்படாமல், அடிவரை குடித்து ஜன்னல் திட்டில் வைத்தார். கம்பியைப் பிடித்தார். கையை நீட்டிய மகனை மேரிராணி கண்ணாலேயே நிறுத்தினாள். அவள் பானையை இன்னும் கீழே வைக்கவில்லை.

அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. ஆனால் அவர் திரும்பி அவளைப் பார்த்து வாயை அசைத்தது தெரிந்தது. நாப்பத்தேழு. யாரும் கேட்காமலே நம்பர் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் எழுந்தார்.

இன்னும் பெட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கூட்ஸ் வண்டி நீளம். அது யாரையும் அவசரப்படுத்துவதில்லை. அவர் நிமிர்ந்து நின்று சக்கரங்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக. கடைசியில் கார்டு பெட்டி வந்தது. வாசலில் நின்ற கார்டு, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரிசல் காட்டைப் பார்த்தபடி போனார். மிக்கேல்ராஜின் வலது கை, வண்டியில் எல்லாம் சரி என்று கார்டுக்குக் கொடி காட்டுவது போல, ஜன்னலுக்குள்ளே தோள் உயரத்துக்கு எழுந்து, அப்படியே நின்றது. அறையின் நடுவில் நீட்டிய கையை மடக்காமல் மகனும் நின்றிருந்தான். ஜன்னல் திட்டில் காலி டம்ளர் கிடுகிடுவென்று நடுங்கி, ஓரம் வரை நகர்ந்து வந்து, அங்கேயே நின்றது.